மெஷினுக்குத் தெரியாத விரல்

புந்தோங், ஈப்போ
20 பிப்ரவரி 2024

தங்கச்சி கலாதேவிக்கு அக்கா மங்களம் எழுதுவது.

வெள்ளிக்கிழமை பேங்கில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு நீ ‘அப்படி ஒண்ணும் நடக்கலியே அக்கா’ என்று சொல்லக் கூடாது. நான் இருந்தேன். நீ இருந்தாய், நீலப் புடவையில். கார் ஓட்டி வந்த என் மருமகள் தினேஸ்வரி இருந்தாள். கவுண்டரில் பச்சைத் தலைத்துணி கட்டிய மலாய்ப் பெண் இருந்தாள். வாசலில் நேப்பாளத்துக் காவல்காரன் நின்றான். நம் தோட்டத்தில் பால்மரம் சீவிய மாயாண்டி அண்ணன் எனக்குப் பின்னால் நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். இத்தனை பேர் பார்க்கத்தான் எனக்கு அந்த அவமானம் நடந்தது.

போனில் சொல்லியிருப்பேன். நான் கத்துவது புந்தோங் முழுக்கக் கேட்கிறது, உன் காதில் மட்டும் ஏறுவதில்லை. அதனால்தான் எழுத்து.

என் கணக்கு தூங்குகிறதாம். சுங்காயை விட்டு மகனோடு இங்கே வந்த பிறகு நான் அதைத் தொடவில்லை, அது குற்றம். தூங்குகிற கணக்குக்கு வருடத்துக்குப் பத்து வெள்ளி பிடிக்கிறார்கள். சுங்காய் கிளையை அவர்களே மூடிவிட்டு, ஈப்போவுக்கு வா, வந்து விரலை வைத்து எழுப்பு என்கிறார்கள். வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன். சிவப்பு. அந்தப் பெண் ‘நெனெக், தா பொலே லா’ என்றாள். முடியாதாம் பாட்டி. தினேஸ்வரி என் காதுக்குள் சொன்னாள்: ‘அத்தை, உங்க வெரல்ல கோடே இல்லியாம்.’

அதோடு போயிருக்கலாம். உன்னை யார் கூப்பிட்டது? ‘நான் வச்சுப் பாக்கவா’ என்று சிரித்துக்கொண்டே உன் ஐசி அட்டையை நீட்டி விரலை வைத்தாய். ஒரே தொடுதலில் பச்சை. அந்தப் பெண் உன் கையைப் பிடித்துப் பார்த்து ‘சாந்தெக்’ என்றாள். அழகாம். அறுபத்தேழு வயசில் உனக்கு விரல் அழகாம்.

இருக்காதா? நீ மரம் சீவியவளா?

எனக்கு என் பெயர் எழுத வரும். மூன்றாவது வரை படித்தவள். கணக்குத் திறந்த அன்று தோட்டத்தில் கணக்கெழுதும் ராமையா கிராணி, வரிசை நீளமாக இருக்கிறது என்று எழுதத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் ஒரே மை டப்பாவில் தொட வைத்தார். ‘எனக்கு எழுத வரும்ங்க’ என்றேன். ‘ஒன் எழுத்துக்கு யாரு காத்திருக்கிறது, வெய்யி வெரல’ என்றார். அன்றிலிருந்து அவர்கள் காகிதத்தில் நான் கைநாட்டு. நீ வேலை பார்த்த பங்களாவில் இருந்து துரையின் பேனாவோடு வந்து கையெழுத்துப் போட்டாய். ராமையா செத்து வருசமாகிறது. நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் சேதி எழுது.

மங்களம்


சுங்காய்
3 மார்ச் 2024

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். நீலப் புடவை இல்லை, பச்சை. மற்றதெல்லாம் சரி.

விளையாட்டுக்குத்தான் விரலை வைத்தேன். உனக்கு இவ்வளவு சுடும் என்று தெரியாது. ஒரு வழி சொல்கிறேன், கோபப்படாமல் கேள். உன் கணக்கில் என் பெயரையும் சேர்த்துக்கொள். மெஷின் என் விரலைப் படிக்கிறதே, நான் எடுத்து உன் கையில் கொடுக்கிறேன். பத்து வெள்ளியும் மிச்சம்.

பவித்ரன் கல்யாணத்தை அடுத்த தை மாதம் வைப்பதாக இருந்தோம் அல்லவா, இப்போது ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்று இருக்கிறது. மண்டபம் கிடைத்துவிட்டது. மகனுக்கும் அவசரம் போல.

எனக்கு உடம்பு சுமார். வயசுக்குத் தக்கபடி. உன் முழங்காலுக்கு நொச்சி இலை கட்டு.

கலாதேவி


புந்தோங், ஈப்போ
9 மார்ச் 2024

கலாதேவிக்கு,

புடவை நீலம். கரையில் மஞ்சள் மாங்காய். தினேஸ்வரியைக் கேள்.

என் கணக்கில் உன் பெயரா? நன்றாக யோசித்திருக்கிறாய். பங்களாவுக்கு ஒரு பெண் பிள்ளை வேண்டும் என்று கேட்டு வந்தபோது பெரியவள் நான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா உன்னைக் கை காட்டினாள். ‘சின்னவ எளைச்சவ, வெயிலு தாங்க மாட்டா’ என்றாள். எனக்கு வெயில் தாங்கும் என்று யார் அவளுக்குச் சொன்னது? நீ துரைசானியின் பீங்கான் கோப்பை கழுவினாய். நான் விடியுமுன் மரத்துக்குப் போய், பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து உரித்து, ஆசிட் ஊற்றிய பாலில் கையை விட்டு, ரேகையெல்லாம் அந்தத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். பெயர்கூட எனக்கு மங்களம். கிராணி வீட்டம்மாள் பார்த்து வைத்ததில் உனக்கு மட்டும் கலாதேவி. இப்போது கணக்கிலும் பாதியா?

அந்தப் பணம் எதற்கு என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பவித்ரன் கல்யாணத்தில் முன்வரிசையில், உன் பக்கத்தில், காதில் தோடு போட்டு உட்காரப் போகிறேன். துரைசானி கொடுத்த ஏழுகல் தோட்டை ஆட்டி ஆட்டி நீ எத்தனை கல்யாணத்துக்கு வந்திருக்கிறாய்! என் காது வெறுங்காதாக இருந்ததை நான் மறக்கவில்லை. மகன் வாங்கித் தருகிறேன் என்கிறான். வேண்டாம். என் காசில், என் கையால் எடுத்து வாங்க வேண்டும். கல்யாணத்தை முன்னால் தள்ளியது எனக்குப் பணம் வந்து சேராமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். நினைத்ததை எழுதிவிட்டேன்.

பேங்குக்குப் போன் பண்ணினேன். மலாய்க்கு ஒன்றை அமுக்கு, இங்கிலீசுக்கு இரண்டு, சீனத்துக்கு மூன்று. நமக்கு எண்ணே கிடையாது. ஒன்றை அமுக்கினேன். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து ஆள் வரும் என்று இருந்தால் மறுபடி அதே பாட்டு. என் போனில் காசு தீரும்வரை கேட்டேன். பாட்டுக்கும் சேர்த்து என்னிடம்தான் வாங்கியிருக்கிறார்கள்.

நொச்சி இலைக்கு இங்கே எங்கே போவேன்? ஈப்போ உனக்குச் சுங்காயா?

மங்களம்


சுங்காய்
2 ஏப்ரல் 2024

அக்கா,

பதில் தாமதம். கொஞ்சம் அசதி.

கல்யாணத் தேதியை உன் தோட்டுக்காக மாற்றவில்லை. நீ வெறுங்காதோடு வந்தாலும் முன்வரிசைதான். ஆனாலும் என் தோடு உன்னுடையதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாத்திரம் கழுவுகிற சவுக்காரம் மாற்றினேன், ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது. பேனா பிடிக்க எரிகிறது. அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன். நீ கொஞ்சமாக எழுதாதே.

கோழிக்கூண்டு விஷயம் ஞாபகம் இருக்கிறதா? அதில் தப்பு உன்னுடையதுதான்.

கலாதேவி


புந்தோங், ஈப்போ
10 ஏப்ரல் 2024

கலாதேவிக்கு,

கோழிக்கூண்டைத் திறந்து விட்டது நீ. மழை நாள். அப்பா பசாருக்குப் போயிருந்தார். கீரி மூன்றைத் தூக்கிக்கொண்டு போனது. அடி வாங்கியது நான். என் தப்பு என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? தோல் உரியாமல் என்ன செய்யும்! பாத்திரத்தை மருமகளாக வருகிறவள் கழுவட்டும். கையில் தேங்காயெண்ணெய் போடு.

எண்ணெய் என்றதும் சொல்ல வேண்டியது வந்துவிட்டது. மாயாண்டி அண்ணனைப் பாதையில் பார்த்தேன். ‘மரஞ் சீவுன வெரலு காஞ்சு கெடக்கும் மங்களம். நல்லா எண்ணெயில ஊற வச்சா ரேகை எந்திரிக்கும் லா’ என்றார். அவர் பேச்சைக் கேட்டு ராத்திரி முழுக்கக் கட்டைவிரலில் எண்ணெய்த் துணி சுற்றிப் படுத்தேன். காலையில் பேங்குக்கு நானும் அவரும். நான் விரலை வைத்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. கண்ணாடி பூராவும் எண்ணெய். பின்னால் வந்த சீனக் கிழவர் விரலும் படியவில்லை. அடுத்து மாயாண்டி அண்ணன். போன மாதம் படிந்த விரல் இப்போது படியவில்லை. ‘ஒன்னால என் பென்சனும் போச்சு லா’ என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார். எண்ணெய் சொன்னது யார்?

பச்சைத் தலைத்துணிப் பெண் துடைத்துத் துடைத்துக் களைத்து, உள்ளேயிருந்து ஒரு அதிகாரியைக் கூட்டி வந்தாள். நம் பிள்ளை. சட்டையில் தர்மா என்று பெயர். நான் தமிழில் கேட்டால் அவன் மலாயில் பதில் சொல்கிறான். விரல் படியாவிட்டால் பதிவிலாகாவில் போய்க் கடிதம் வாங்கி வர வேண்டுமாம். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றாவது சொல் என்றேன். பழைய கணக்கு அச்சடித்துத் தர ஒரு தாளுக்கு இவ்வளவு என்றான். என் காசு எவ்வளவு என்று சொல்ல என்னிடமே காசு. ‘ஒங்க வீட்டுல பாட்டி இருக்காங்களா தம்பி’ என்று கேட்டேன். ‘நெக்ஸ்ட்’ என்றான்.

நீ கூட இருந்திருந்தால் உன் விரலை வைத்து மறுபடி பெருமை அடித்திருப்பாய். இல்லாததே நல்லது.

மங்களம்


புந்தோங், ஈப்போ
28 மே 2024

கலாதேவிக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. தபால்காரனைச் சந்தேகப்பட்டேன். அவன்மேல் தப்பில்லை என்று நேற்றுத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அஞ்சலை வந்து, ‘ஒங்க தங்கச்சிய ஒங்க மருமக காருல பாத்தேன், ரெண்டு பேரும் கடையில கஞ்சி குடிச்சிட்டிருந்தாங்க’ என்றாள். எப்போது என்றேன். போன வாரமாம். அதற்கு முன்னாலும் ஒரு தடவை பார்த்தாளாம். நான் சிரித்துக்கொண்டே ‘ஆமா, எனக்குத் தெரியும்’ என்றேன். அஞ்சலை முன்னால் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

சுங்காயிலிருந்து ஈப்போவுக்கு வருகிறாய். என் வீட்டுக்கு வரவில்லை. என் மருமகளோடு ஊர் சுற்றிக் கஞ்சி குடித்துவிட்டுப் போகிறாய். தினேஸ்வரியிடம் கேட்டால் ‘அது ஒண்ணும் இல்ல அத்தை’ என்று அடுப்பைப் பார்க்கிறாள். அவள் உன்னை ‘சின்னத்தை, சின்னத்தை’ என்று தாங்குவது எனக்குத் தெரியாதா? பங்களா உனக்கு, பெயர் உனக்கு, தோடு உனக்கு, விரல் உனக்கு. எனக்கென்று ஒரு மருமகள் இருந்தாள். அவளையும் எடுத்துக்கொண்டாய்.

என்ன கஞ்சி அது, என் வீட்டில் இல்லாத கஞ்சி?

மங்களம்


சுங்காய்
6 ஜூன் 2024

அக்கா,

வந்தது நிஜம். கண் டாக்டரைப் பார்க்க. தினேஸ்வரிக்கு அந்தப் பக்கம் வேலை இருந்ததால் ஏற்றிக்கொண்டாள். நேரமாகிவிட்டது, அதனால் வரவில்லை. கஞ்சி நன்றாக இல்லை.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். அடுத்தது இன்னும் நீளமாக எழுது.

கலாதேவி


புந்தோங், ஈப்போ
15 ஜூன் 2024

கலாதேவிக்கு,

நீளமாக எழுத எனக்கு வேறு வேலை இல்லையா?

பதிவிலாகாவில் மூன்று முறை போய்க் கடிதம் வாங்கிவிட்டேன். ரேகை தேய்ந்தவள் என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். இனி உன் விரல் எனக்கு வேண்டாம். உன் யோசனையும் வேண்டாம். பேங்குக்கு நானே போவேன், கல்யாணத்துக்கு நானே வருவேன், சாப்பிட்டதும் நானே போவேன்.

கண் டாக்டர் என்றால் கண்ணாடி எங்கே? அஞ்சலையைக் கேட்டேன். கண்ணாடி போட்டிருக்கவில்லை என்றாள்.

இதுதான் கடைசிக் கடிதம்.

மங்களம்


சுங்காய்
17 ஜூலை 2024

அக்கா,

மூன்று நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பாதியில் கை மாறியிருக்கும், அது பவித்ரன் எழுதியது. வார்த்தை என்னுடையது.

போன வாரம் கல்யாணச் செலவுக்குப் பணம் எடுக்க ஈப்போ பேங்குக்கு வந்தேன். அதே பச்சைத் தலைத்துணிப் பெண். ஐசியைக் கொடுத்து விரலை வைத்தேன். சிவப்பு. துடைத்து வைத்தேன். சிவப்பு. மற்ற விரலும் வைத்தேன். அந்தப் பெண் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். இந்தத் தடவை ‘சாந்தெக்’ என்று சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மட்டும் இப்போது இங்கே இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

சவுக்காரம் இல்லை. மாத்திரை. எனக்குக் குடலில் கட்டி. போன தை மாதமே சொல்லிவிட்டார்கள். உன்னோடு பேங்குக்கு வந்த அன்று காலையில் ஆஸ்பத்திரியில் இருந்துதான் வந்தேன். மாத்திரை சாப்பிட்டால் உள்ளங்கையும் விரலும் உரியும், ரேகை அழிந்தாலும் அழியும் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும். தினேஸ்வரி கூட்டிப் போவாள். அடுத்த தை வரை காத்திருக்க வேண்டாம் என்றும் டாக்டரம்மாதான் சொன்னார். அதனால்தான் ஆவணி.

தினேஸ்வரியைத் திட்டாதே. அவளிடம் கார் இருந்தது, சொன்னேன். சொல்லக் கூடாது என்று அவள் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினேன். உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், சொன்ன உடனே நீ நல்லவளாகிவிடுவாய். இங்கே எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். பவித்ரன் குரலை உயர்த்துவதில்லை. என்னோடு வருசக்கணக்கில் பேசாத நாத்தனார்கூட ஹார்லிக்ஸ் வாங்கி வந்தாள். நீயும் ‘என் தங்கமே’ என்று எழுத ஆரம்பித்தால் நான் எங்கே போவேன்?

நாக்கில் ருசி இல்லை அக்கா. எதைப் போட்டாலும் மண். உன் கடிதம் ஒன்றுதான் உறைக்கிறது. அதனால்தான் கோழிக்கூண்டை எடுத்தேன். திறந்து விட்டது நான்தான், எனக்குத் தெரியும். புடவையும் நீலம்தான்.

அழுது எழுதினால் படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கலாதேவி


புந்தோங், ஈப்போ
29 ஜூலை 2024

கலாதேவிக்கு,

புடவை நீலம் என்று ஒத்துக்கொண்டாயே, அதுவரைக்கும் சரி. மஞ்சள் மாங்காயை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பேங்குக்குப் போனேன். பதிவிலாகா கடிதத்தைத் தர்மா வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். உள்ளே போனான், வந்தான், போனான். கடைசியில் ஒரு தாளை என் முன்னால் வைத்து, ‘இங்க சைன் பண்ணுங்க பாட்டி’ என்றான். தமிழில். உள்ளே யார் என்ன சொன்னார்களோ தெரியாது. பேனாவை எடுத்தேன். ம எழுதினேன். ங் எழுதினேன். எனக்குப் பின்னால் கதவு வரைக்கும் வரிசை. மாயாண்டி அண்ணன் ‘சீக்கிரம் லா மங்களம், பசிக்குது’ என்றார். நான் பேனாவை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தேன். மறுபடி எடுத்து மீதியை எழுதினேன். அத்தனை பேரும் என் எழுத்துக்குக் காத்திருந்தார்கள். இனி அவர்கள் காகிதத்தில் நான் கைநாட்டு இல்லை. அதற்கும் ஏதோ கட்டணம் பிடித்தார்கள். பிடித்துக்கொள்ளட்டும்.

நேராகத் தங்கக் கடைக்குப் போனேன். எட்டுக்கல் தோடு இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்று இல்லையாம், கடைக்காரன் சிரித்தான். ஏழுகல்தான் வாங்கினேன். கல் ஒவ்வொன்றும் உன்னுடையதைவிடப் பெரிது. கல்யாணத்தன்று இரண்டு பேரும் ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்வோம், யார் காது மின்னுகிறது என்று ஊர் பார்க்கட்டும். நீ படுத்துக்கொண்டு வராமல் ஏமாற்றலாம் என்று நினைக்காதே.

சனிக்கிழமை பஸ்ஸில் வாரேன். பை கட்டிவிட்டேன். தினேஸ்வரி ‘நான் கொண்டுபோய் விடுறேன் அத்தை’ என்றாள். வேண்டாம் என்றேன். இத்தனை மாதம் உன் பக்கத்தில் அவள் உட்கார்ந்தது போதும். இனி அந்த நாற்காலி என்னுடையது. உனக்குக் கஞ்சி நான்தான் வைப்பேன். ருசி இல்லை என்று சொன்னால் சொல்லிக்கொள், குடிக்காமல் விடமாட்டேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கும் நான்தான் வருவேன். கார் இல்லாவிட்டால் பஸ். பேங்கில் உன் விரல் படியாவிட்டால் பதிவிலாகாவுக்கு எனக்கு வழி தெரியும். எந்த ஜன்னல், எந்த நேரம் கூட்டமில்லை என்று உனக்குத் தெரியாது. அங்கேயாவது நீ என் பின்னால்தான் நிற்க வேண்டும்.

நீ பயந்த மாதிரி நான் நல்லவளாகவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வரிசை காத்திருந்ததால் ராமையாவை மன்னித்துவிட்டேன். உன்னைக் கை காட்டிய அம்மாவை மன்னித்தேன். தமிழில் ஒரு வரி பேசியதற்காகத் தர்மாவை மன்னித்தேன். பச்சைத் தலைத்துணிப் பெண் உன் கையைப் பார்த்துப் பேசாமல் இருந்தாளே, அதற்காக அவளையும். மாயாண்டி அண்ணனை எண்ணெயோடு சேர்த்து. தினேஸ்வரியைப் பாதி.

ஒருத்தி மிச்சம் இருக்கிறாள். எல்லாவற்றையும் எனக்கு முன்னால் வாங்கிக்கொண்டவள். சின்னவள் என்று பார்த்துப் பார்த்து விட்டுக்கொடுத்தேன். இனி எதிலும் அவள் எனக்கு முன்னால் போக விடமாட்டேன். அவள் கேட்டாலும், கெஞ்சினாலும், இன்னும் எத்தனை வருசம் ஆனாலும் அவளை நான் மன்னிக்கப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தினமும் சொல்லிக் காட்டுவேன்.

அவள் பெயர் கலாதேவி.